சூலகப் புற்றுநோய் எந்த வகை? வாளியில இருந்து றிப்போட் வரைக்கும் லாப்பில செய்யிற வேலை, படிப்படியா

சூலகப் புற்றுநோய் எண்டு ஒரே பேரில கூப்பிட்டாலும் அதுக்குள்ள அஞ்சு வேற வேற வருத்தம் இருக்கு. ஒண்டு (ஹை கிரேட் சீரஸ்) உண்மையில சூலகத்தில துவங்கிறதே குறைவு, பலோப்பியன் குழாயின்ர நுனியில துவங்கி சூலகத்தில வந்து குந்துது. ரெண்டு (எண்டோமெட்ரியொயிட், கிளியர் செல்) எண்டோமெட்ரியோசிஸில, அதாவது கருப்பை உள்தோல் வேற இடத்தில வளருற வருத்தத்தில இருந்து வருது, ஒண்டு (லோ கிரேட் சீரஸ்) வருசக்கணக்கா மெதுமெதுவா வளருது, மிச்சம் இருக்கிற ஒண்டை (மியூசினஸ், அதாவது சளிக் கட்டி) பாத்தால் குடலில இருந்து வந்ததோ இஞ்சயே பிறந்ததோ எண்டு பிரிக்கிறதே பெரும் பாடு. அஞ்சுக்கும் ஒரே மருந்து சரிவராது. ஹை கிரேட் சீரஸ் எண்டால் பிளாட்டினம் கீமோ நல்லாக் கேக்கும், பிராக்கா மரபணுவில (பரம்பரையாயும் வரக்கூடிய) பிழை இருந்தால் ஒலபாரிப் மாதிரி மாத்திரையும் இருக்கு, ஆனா லோ கிரேட் சீரஸுக்கு அதே கீமோ பெரிசாக் கேக்காது, ஹோர்மோன் மருந்துப் பக்கம் யோசிப்பினம். அப்ப நாங்கள் 'அடினோகார்சினோமா' (சுரப்பிக் கான்சர்) எண்டு ஒரு சொல்லோட றிப்போட்டை முடிச்சு விட்டால் தெல்லிப்பழையில கான்சர் கிளினிக்கில இருக்கிற டொக்டர் எதை வைச்சு முடிவெடுக்கிறது, அந்த அம்மா என்ன செய்யிறது?

இதை நான் எழுதுறது யாழ்ப்பாணத்தில ஹிஸ்ரோ லாப்பில (திசுவை வெட்டி நுணுக்குக்காட்டியில பாக்கிற லாப்) புதுசா வந்து நிக்கிற எம்.எல்.ரி (லாப் ரெக்னீசியன்) பிள்ளையளுக்கும், கட்டப் மேசையில (வந்த உறுப்பை வெட்டித் துண்டு எடுக்கிற மேசை) முதல் முதல் கத்தி பிடிக்கிற டொக்டர்மாருக்கும். இங்கிலீசில புத்தகம் எல்லாம் இருக்கு, ஆனா மேசையில நிண்டு நாங்கள் கதைக்கிறது தமிழில தானே, மானிப்பாயில கிறீன் டொக்டர் 19ஆம் நூற்றாண்டிலயே தமிழில மருத்துவம் படிப்பிச்ச மண் இது, அதால இதையும் தமிழிலயே எழுதி வைப்பம் எண்டு நினைச்சன்.

ஒரு விசயத்தை முதலே சொல்லிப்போடுறன். இம்யூனோ ஸ்ரெயின் (அன்டிபொடி போட்டு ஒரு புரதம் இருக்கோ எண்டு நிறத்தால பாக்கிறது) எல்லாத்துக்கும் கடைசி. ஃபோம், வாளி, கத்தி, எச் அண்ட் ஈ ஸ்லைட் (வழமையான நீலம், இளஞ்சிவப்பு நிறம் போட்ட ஸ்லைட்), இந்த நாலும் ஒழுங்கா நடந்தால் நாலு ஸ்ரெயினோட கனக்க கேஸ் முடியும். அது நடக்காட்டி எத்தினை அன்டிபொடி வாங்கிப் போட்டாலும் குழப்பம் தான் கூடும், அதோட எங்கட லாப்புகளில ஒரு அன்டிபொடி போத்தல் முடிஞ்சால் அடுத்தது வர எவ்வளவு நாளாகும் எண்டு உங்களுக்கே தெரியும்.

முதல் படி: ஃபோமை வாசிக்கிறது

சிரிக்காதேங்கோ, கனபேர் இதைச் செய்யிறேல்ல. முதல்ல வயசைப் பாருங்கோ. இருவது வயசுப் பிள்ளையின்ர சூலகத்தில திண்மமான கட்டி எண்டால் இந்த அஞ்சு வகையையும் கொஞ்சம் தள்ளி வைச்சிட்டு ஜேர்ம் செல் கட்டியை (முட்டைக்கான மூலச் செல்லில இருந்து வாறது) முதல்ல யோசிக்கோணும், அங்க ரத்தத்தில ஏ.எஃப்.பி, எச்.சி.ஜி அளவு என்ன எண்டு கேக்கோணும். அறுவது வயசு அம்மா, வயித்தில தண்ணி, ரெண்டு பக்கமும் கட்டி, ரத்தத்தில சி.ஏ.125 எண்ட கட்டிக் குறியீடு ஆயிரக்கணக்கில எண்டால் ஹை கிரேட் சீரஸ் தான் மனசில முதல் வரும். சி.ஏ.125 கொஞ்சமாக் கூடி சி.ஈ.ஏ எண்ட மற்றக் குறியீடு கனக்கக் கூடியிருந்தால் குடல் பக்கம் பாக்கோணும், சி.ஏ.125ஐ சி.ஈ.ஏயால பிரிச்சு 25க்கு மேல வந்தால் சூலகப் பக்கம் சாயுது எண்டு கிளினிக்கில ஒரு கணக்கு வைச்சிருக்கினம்.

அதுக்குப் பிறகு மூண்டு கேள்வி: முந்தி கீமோ குடுத்தவையோ? முந்தி வேற கான்சருக்கு ஒப்பரேசன் நடந்ததோ, மார்பு, குடல், வயிறு, கருப்பை எதெண்டாலும்? எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததோ? ஃபோமில இது இல்லாட்டி வோர்ட்டுக்குக் கோல் எடுங்கோ. சிஸ்டர் எரிஞ்சு விழுந்தாலும் பரவாயில்லை, கோல் எடுங்கோ. ஏன் இப்பிடி வற்புறுத்துறன் எண்டு பிறகு சொல்லுறன்.

ரெண்டாம் படி: வாளியும் ஃபோமலினும்

எங்கட வெக்கைக்கு இது சரியான முக்கியம். பத்து வீத நியூட்ரல் பஃபர்ட் ஃபோமலின் (திசு அழுகாமல் காக்கிற திரவம்) கட்டியின்ர கொள்ளளவைப் போல குறைஞ்சது பத்து மடங்கு வேணும். ஆனா நடக்கிறது என்ன, 20 சென்ரிமீற்றர் கட்டியை அதே அளவு வாளிக்குள்ள திணிச்சு மேலால ரெண்டு கோப்பை ஃபோமலினை ஊத்தி பின்னேரம் அம்புலன்சில ஏத்தி விடுவினம், அது எங்கட மேசைக்கு வந்து சேரேக்க வெளித்தோல் விறைச்சு உள்ளுக்க அவிஞ்சு போயிருக்கும். ஃபோமலின் உள்ளுக்க போறது மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில தான், அதுவும் போகப் போக வேகம் குறையும். இப்பிடி அவிஞ்ச இடத்தில பி53 எண்ட இம்யூனோ ஸ்ரெயினைப் போட்டால் ஒண்டும் நிறம் பிடிக்காது, அதை 'முற்றா இல்லை' எண்டு வாசிச்சால் வகையே மாறிப்போகும்.

அதால வந்த உடன, நேரம் என்னவா இருந்தாலும், அளவெடுத்து, நிறை பாத்து, வெளித்தோலைப் படம் எடுத்து, மை பூசிப்போட்டு கட்டியை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில பாண் வெட்டுற மாதிரிக் கீறி புது ஃபோமலினில போடுங்கோ, இடையில கடதாசித் துணி வைச்சால் இன்னும் நல்லா உள்ளுக்க போகும். கீறுறதுக்கு முதல் வெளித்தோல் முழுசா இருக்கோ, வெடிச்சிருக்கோ, மேற்பரப்பில கட்டி முளைச்சிருக்கோ எண்டு எழுதுறது கட்டாயம். 2014 ஃபிகோ ஸ்ரேஜிங்கில (கான்சர் எவ்வளவு பரவினது எண்டு நிலை போடுற முறை) ஒப்பரேசன் நேரம் வெடிச்சால் ஐ.சி.1, அதுக்கு முதலே வெடிச்சிருந்தால் அல்லது மேற்பரப்பில கட்டி இருந்தால் ஐ.சி.2, தண்ணியில கான்சர் செல் இருந்தால் ஐ.சி.3. வெட்டின பிறகு இதை ஆராலும் கண்டுபிடிக்க ஏலாது.

வெட்டுமுகமே கனக்கச் சொல்லும். உள்ள பனங்கட்டிப் பாணி மாதிரிக் கடும் பழுப்புத் தண்ணி, அதுக்குள்ள சுவரில ஒரு சதைமுடிச்சு எண்டால் எண்டோமெட்ரியோசிஸ் கட்டியில இருந்து வந்த கிளியர் செல்லோ எண்டோமெட்ரியொயிட்டோ எண்டு யோசியுங்கோ. வெண்டிக்காய் கொழகொழப்பு மாதிரி சளி, கனக்க அறை அறையா, ஒரு பக்கத்தில மட்டும் பெரிசா எண்டால் மியூசினஸ். பூக்கோவா மாதிரிப் பொருபொருத்த முளையோட அழுகல், ரத்தம், ரெண்டு பக்கமும் எண்டால் ஹை கிரேட் சீரஸ். கத்தி வைக்கேக்க மணலை அறுக்கிற மாதிரிக் கறகற எண்டால் சமோமா உருண்டையள் (சின்னச் சின்னச் சுண்ணாம்பு உருண்டை) கனக்க இருக்கு, சீரஸ் வகை ஒண்டு எண்டு மனசில வையுங்கோ.

மூண்டாம் படி: பலோப்பியன் குழாயை மறக்கக் கூடாது

இது தான் கடைசி இருவத்தஞ்சு வருசத்தில முற்றா மாறின விசயம். முந்தி எல்லாரும் ஹை கிரேட் சீரஸ் சூலகத்தின்ர மேல்தோலில இருந்து வருது எண்டு தான் படிச்சது. பிறகு 2001 வாக்கில நெதர்லாந்தில, பிராக்கா பிழை இருக்கிற பெண்களிட்ட முன்கூட்டியே எடுத்த குழாயளைப் பாத்தால் அங்க துவக்க மாற்றம் இருக்கு, பிறகு பொஸ்டனில குழாயின்ர விரல் மாதிரி நுனியை முழுக்க வெட்டிப் பாக்கிற முறையைக் கொண்டு வந்திச்சினம், அதுக்குப் பேர் சீ-ஃபிம். இந்தத் துவக்கப் புண்ணுக்கு ஸ்ரிக் எண்டு பேர்.

செய்யிறது இப்பிடி. குழாயை நாலு மணித்தியாலமாவது ஃபோமலினில விட்ட பிறகு தான் தொடுங்கோ, முந்தித் தொட்டால் மேல்தோல் உரிஞ்சு போகும். நுனியில ரெண்டு சென்ரிமீற்றரை வெட்டி எடுத்து, நீளப்பாட்டுக்கு நாலு துண்டாக் கீறுங்கோ, மிச்சக் குழாயை ரெண்டு மூண்டு மில்லிமீற்றருக்கு ஒருக்கா குறுக்கால வெட்டி முழுக்கப் போடுங்கோ. ரெண்டு பக்கக் குழாயும். ஸ்ரிக் கண்டால், அல்லது குழாயின்ர உள்மேல்தோலில கட்டி இருந்தால், சூலகத்தில எவ்வளவு பெரிய கட்டி இருந்தாலும் துவக்க இடம் குழாய் எண்டு தான் எழுதுறது. குழாயைக் காணேல்ல, கட்டியோட ஒட்டிப்போச்சு எண்டால் தேடிப்பாருங்கோ, தேடியும் காணாட்டி தேடினதை எழுதுங்கோ.

பொதுக் கட்டிக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு புளொக் (மெழுகில பதிச்ச துண்டு) எண்டு கணக்கு. சளிக் கட்டி பத்து சென்ரிமீற்றரைத் தாண்டினால் சென்ரிமீற்றருக்கு ரெண்டு, ஏனெண்டால் ஒரே கட்டிக்குள்ள ஒரு மூலையில சாதாரணமா, இன்னொரு மூலையில போர்டர்லைனா (சாதாரணத்துக்கும் கான்சருக்கும் இடைப்பட்டது), மூண்டாவது மூலையில உண்மைக் கான்சரா இருக்கும். திண்மமான இடம், சுவர் முடிச்சு, நிறம் மாறின இடம், எல்லாத்தையும் எடுங்கோ. வபைக் கொழுப்பில (குடலுக்கு முன்னால தொங்கிற கொழுப்புத் திரை) கண்ணுக்குக் கட்டி தெரிஞ்சால் ஒண்டு ரெண்டு காணும், தெரியாட்டி குறைஞ்சது அஞ்சு.

நாலாம் படி: எச் அண்ட் ஈயில குறைஞ்ச உருப்பெருக்கத்தில இருந்து துவங்கிறது

நுணுக்குக்காட்டியில ஸ்லைட்டை வைச்ச உடன நாற்பது லென்சுக்குப் போகாதேங்கோ. நாலு லென்சில நிண்டு முழுக்கச் சுத்திப் பாருங்கோ. கேள்வி ஒண்டு: இது எப்பிதீலியமோ (மேல்தோல் செல் கட்டி, இந்த அஞ்சு வகையும் அது தான்), இல்லாட்டி ஜேர்ம் செல், செக்ஸ் கோர்ட் (ஹோர்மோன் சுரக்கிற செல் பக்கத்து) கட்டியோ? கோப்பிக்கொட்டை மாதிரி நடுவில கீறு விழுந்த கரு, சின்னச் சின்ன வட்டம் வட்டமா அடுக்கு எண்டால் கிரனுலோசா செல், இன்ஹிபின், கல்ரெற்றினின் ஸ்ரெயின் போடுங்கோ. அடல்ட் கிரனுலோசாவில ஃபொக்ஸ்.எல்.2 மரபணுவில ஒரே இடத்தில ஒரே பிழை திரும்பத் திரும்ப இருக்கு எண்டு 2009இல கண்டவை. பெட்டை வயசில ரத்தத்தில கல்சியம் கூடி வாற சின்னச் செல் கட்டி எண்டால் பி.ஆர்.ஜி.1 ஸ்ரெயின் போட்டு அது இல்லாமல் போயிருக்கோ எண்டு பாருங்கோ. இதெல்லாம் வேற கதை, இண்டைக்கு எப்பிதீலியத்தோட நிக்கிறன்.

ஹை கிரேட் சீரஸ் தான் அஞ்சுக்குள்ள பெருங்கூட்டம், மேற்கு நாட்டுக் கணக்கில நூறில எழுபது இது. முளை முளையா இருக்கலாம், சுரப்பி மாதிரி இருக்கலாம், முழுத் திண்மமா இருக்கலாம், ஆனா எங்கயாவது கிடுகு வேலிக்குள்ளால வெளிச்சம் வாற மாதிரி ஒடுங்கின கீறல் கீறலா இடைவெளி தெரியும், அதைக் கண்டால் பாதி வேலை முடிஞ்சுது. கருக்கள் ஒண்டுக்கொண்டு மூண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், பூதம் மாதிரிக் கரு, மைற்றோசிஸ் (பிரிஞ்சுகொண்டிருக்கிற செல்) கனக்க, பத்து பெரும் உருப்பெருக்கப் புலத்தில 12க்கு மேல. பிராக்கா பிழையோட வாற கட்டியள் சிலது திண்மமா, எண்டோமெட்ரியொயிட் மாதிரி வேசம் போட்டு, அல்லது மூத்திரப்பைக் கட்டி மாதிரி வரும், அதில ஏமாறுறது சுகம்.

லோ கிரேட் சீரஸ் இதின்ர தம்பி இல்லை, தயவுசெய்து அப்பிடி நினைக்காதேங்கோ, பேர் தான் ஒண்டு. இது சீரஸ் போர்டர்லைன் கட்டியில இருந்து வரும், கேராஸ், பிராஃப் மரபணுப் பிழையள், பி53இல பிழை இல்லை. கருக்கள் எல்லாம் ஒரே அச்சில வார்த்த மாதிரி, சின்னச் சின்ன முளையள் வெறும் வெள்ளை இடத்துக்க மிதக்கும், சமோமா கனக்க, மைற்றோசிஸ் தேடோணும். ஹை கிரேட்டும் லோ கிரேட்டும் பிரிக்கிற ரெண்டு தட்டு முறை 2004இல எம்.டி. அண்டர்சனில இருந்து வந்தது, அதுக்குப் பிறகு 'மிதமான கிரேட்' எண்டு ஒண்டு இல்லை, சில றிப்போட்டுகளில இப்பவும் எழுதுறதைக் காணுறன், அது நிப்பாட்டோணும்.

எண்டோமெட்ரியொயிட் எண்டது கருப்பை உள்தோல் சுரப்பியைப் போல, சுரப்பிக்குள்ள சுரப்பியா அரிதட்டு ஓட்டை மாதிரி, இடையில தட்டைச் செல் உருண்டை. அந்தத் தட்டைச் செல் உருண்டையைக் கண்டால் நிம்மதி, சீரஸில அது வாறது அபூர்வம். பக்கத்தில எண்டோமெட்ரியோசிஸ் தேடுங்கோ. கிரேட் போடுறது கருப்பையில போடுற மாதிரித் தான், திண்ம இடம் 5 வீதம் வரைக்கும் ஒண்டு, 50 வரைக்கும் ரெண்டு, அதுக்கு மேல மூண்டு. ஆனா கிரேட் 3 எண்டு எழுத முதல் ஒருக்கா நில்லுங்கோ, கனநேரம் அது ஹை கிரேட் சீரஸ் தான், டபிள்யூ.ரி.1ம் பி53ம் (அஞ்சாம் படியில வாற ஸ்ரெயின்) பாக்காமல் எழுதாதேங்கோ. கருப்பையிலயும் அதே மாதிரிக் கட்டி இருந்தால் ரெண்டையும் சேர்த்துப் பாக்கோணும்.

கிளியர் செல்லில பேர் தான் முதல் பொறி. கிளியரா இருக்கிறதெல்லாம் கிளியர் செல் இல்லை, ஹை கிரேட் சீரஸில வெள்ளைச் செல் தாராளமா இருக்கும், எண்டோமெட்ரியொயிட்டிலயும் இருக்கும். அதே நேரம் உண்மைக் கிளியர் செல்லில சில இடம் இளஞ்சிவப்பாவே இருக்கும். நிறத்தை விட்டிட்டு அமைப்பைப் பாருங்கோ: குழாய், பை, முளை, திண்மம் நாலும் கலந்து, முளையின்ர நடுத்தண்டு கண்ணாடி மாதிரி இளஞ்சிவப்பில இறுகி, மேல இருக்கிற செல் பழைய கதவில அடிச்ச ஆணித்தலை மாதிரி உள்ளுக்க துருத்தி நிக்கும். கரு பாக்கப் பயமா இருக்கும், ஆனா மைற்றோசிஸ் குறைவு, இந்த முரண்பாடே ஒரு குறிப்பு. இதுக்கு கிரேட் போடுறேல்ல. மேற்கில பத்து வீதம் அளவில, ஜப்பானில அதை விடக் கூட. கீமோ அவ்வளவு கேக்காது, ரத்தம் உறையிற பிரச்சினை கூட வரும், அதால இதை வார்ட்டுக்குக் கெதியாச் சொல்லுறது நல்லது.

மியூசினஸ் தான் எனக்கு நித்திரை வராத வகை. உண்மையா சூலகத்திலயே துவங்கினது மூண்டு நாலு வீதம் தான், பாக்கிறதில கனக்க வேற இடத்தால வந்தது. கான்சர் எண்டு தீர்மானிச்சால் அது ஒட்டிக்கொண்டு விரியிற விதமோ, சூலகச் சதைக்குள்ள தாறுமாறாப் பாயிற விதமோ எண்டு எழுதுங்கோ, ரெண்டாவது தான் கூடாதது.

அஞ்சாம் படி: நாலு ஸ்ரெயின்

கால்கரியில மார்ட்டின் கோபெல் குழு 2016இல ஒரு எளிமையான வழி போட்டவை, எங்களைப் போல அளவா வைச்சிருக்கிற லாப்புக்கு இதை விட நல்லது இல்லை. டபிள்யூ.ரி.1, பி53, நப்சின் ஏ, பி.ஆர் (புறொஜெஸ்ரரோன் ஹோர்மோன் ஏற்பி). நாலும் தான்.

முதல் டபிள்யூ.ரி.1. கருவில பிடிச்சால் சீரஸ் பக்கம், பிறகு பி53 பாருங்கோ, அது பிழையான மாதிரி எண்டால் ஹை கிரேட், சாதாரணம் எண்டால் லோ கிரேட். டபிள்யூ.ரி.1 பிடிக்காட்டி நப்சின் ஏ பாருங்கோ, சைற்றோபிளாசத்தில (செல்லுக்குள்ள கருவுக்கு வெளியால இருக்கிற பகுதி) மணி மணியாப் பிடிச்சால் கிளியர் செல். அதுவும் இல்லாட்டி பி.ஆர், பிடிச்சால் எண்டோமெட்ரியொயிட், பிடிக்காட்டி மியூசினஸ். இது எச் அண்ட் ஈயில எப்பிதீலியல் சூலகக் கட்டி எண்டு தீர்மானிச்ச பிறகு தான் செல்லும், கண்ணை மூடிக்கொண்டு குடல் கட்டிக்குப் போட்டால் டபிள்யூ.ரி.1, நப்சின் ஏ, பி.ஆர் மூண்டும் இல்லை எண்டு வந்து மியூசினஸ் எண்டு கையில குடுத்திடும்.

விதிவிலக்கும் இருக்கு. எண்டோமெட்ரியொயிட்டில பத்தில ஒண்டு அளவில டபிள்யூ.ரி.1 பிடிக்கும், அங்க தட்டைச் செல் உருண்டை, எண்டோமெட்ரியோசிஸ், அமைப்பு இதை நம்புங்கோ. டபிள்யூ.ரி.1 ரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்லின்ர சைற்றோபிளாசத்தில பிடிக்கும், அதைக் கட்டி எண்டு எண்ணாதேங்கோ. மீசோதீலியோமாவிலயும் (வயித்தின்ர உள்சவ்வில வாற கட்டி) பிடிக்கும், வயித்து உள்சவ்வில மட்டும் வருத்தம் எண்டால் சூலகப் பக்கக் கட்டியில பிடிக்கிற பாக்ஸ்8ம் மீசோதீலியோமாவில பிடிக்கிற கல்ரெற்றினினும் சேர்த்துப் போடுங்கோ.

கொன்ட்ரோலுக்கு (ஸ்ரெயின் வேலை செய்யுதோ எண்டு ஒப்பிட வைக்கிற துண்டு) ஒரு சின்ன யோசனை. வேற காரணத்துக்கு எடுத்த சாதாரண பலோப்பியன் குழாய்த் துண்டு ஒண்டை ஒவ்வொரு ஸ்லைட்டிலயும் மூலையில வையுங்கோ, டபிள்யூ.ரி.1, பாக்ஸ்8, பி.ஆர் மூண்டும் அதில பிடிக்கும், பி53 சாதாரணமா எப்பிடித் தெரியும் எண்டதும் அதிலயே இருக்கும். நப்சினுக்கு மட்டும் நுரையீரல் துண்டு வேணும்.

இனி பி53. புதுப் பிள்ளையள் கனபேர் தடுமாறுற இடம் இது, அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன். ஹை கிரேட் சீரஸில 96 வீதத்தில இந்த மரபணுப் பிழை இருந்தது எண்டு 2011இல வந்த பெரிய அமெரிக்க மரபணு ஆராய்ச்சி காட்டினது. ஸ்லைட்டில இதை 'பொசிற்றிவ், நெகற்றிவ்' எண்டு எழுதக் கூடாது. ஒரு ஒழுங்கையை இரவில நினைச்சுப் பாருங்கோ. சாதாரண நாளில சில வீட்டில பிரகாசமா, சில வீட்டில மங்கலா, சிலதில வெளிச்சமே இல்லை, இது சாதாரண பி53. கார்த்திகை விளக்கீட்டில எல்லா வீட்டு வாசலும் எரியும், அது மாதிரி நூறில எண்பதுக்கு மேல கரு கடுமையாப் பிடிச்சால் அது பிழை. மூண்டாவது, எங்கட ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போய் இருட்டு, ஆனா பக்கத்து ஒழுங்கையில வெளிச்சம் இருக்கு, அதாவது கட்டிச் செல் ஒண்டும் பிடிக்கேல்ல, இடையில இருக்கிற சாதாரணச் செல்லும் லிம்ஃபோசைற்றும் பிடிச்சிருக்கு, இதுவும் பிழை. பக்கத்து ஒழுங்கையும் இருட்டு எண்டால் அது கரண்ட் வராத ஊர், உங்கட ஸ்ரெயின் வேலை செய்யேல்ல, திரும்பப் போடுங்கோ. நாலாவதா அபூர்வமா கருவை விட்டிட்டு சைற்றோபிளாசம் மட்டும் பிடிக்கும், அதுவும் பிழை தான். மரபணு பிழைச்சும் ஸ்லைட்டில சாதாரணமாத் தெரியிற சின்னக் கூட்டமும் ஒண்டு இருக்கு, அதால எச் அண்ட் ஈ முழுக்க ஹை கிரேட் எண்டு கத்தினால் ஒரு பி53க்காக லோ கிரேட் எண்டு மாத்தாதேங்கோ.

ஆறாம் படி: வேற இடத்தால வந்ததோ எண்டு பாக்கிறது

நான் வேலை பழகின ஒரு இடத்தில, கன வருசத்துக்கு முதல், ரெண்டு பக்கச் சூலகமும் வந்தது, பெரிசே எட்டு ஒன்பது சென்ரிமீற்றர், சளிக் கட்டி. ஃபோமில 'சூலகக் கட்டி' எண்டு மட்டும் இருந்தது. வடிவான சுரப்பி, நான் சூலக மியூசினஸ் எண்டு எழுதிக் கொண்டு போனன், மேல இருந்தவையும் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைச்சினம். கொஞ்ச மாதத்தால அந்த அம்மா குடல் அடைச்சு திரும்ப வந்தவ, திறந்து பாத்தால் குடல்வால்ல இருந்து எல்லாம் வந்திருக்கு. முதல் ஒப்பரேசனில குடல்வால் வீங்கி இருந்ததை ஒப்பரேசன் குறிப்பில எழுதியிருந்தவையாம், எனக்கு அந்தக் குறிப்பு வரேல்ல, நான் கேக்கவும் இல்லை. அந்த அம்மாவின்ர முகம் எனக்குத் தெரியாது, ஸ்லைட் மட்டும் தான் தெரியும், ஆனா இண்டைக்கும் சளிக் கட்டி வந்தால் ஃபோனைத் தான் முதல் எடுக்கிறன்.

ரெண்டு பக்கமும் எண்டால், அல்லது ஒரு பக்கம் பத்து சென்ரிமீற்றருக்குக் குறைவு எண்டால், வந்த கட்டி எண்டு முதல் சந்தேகப்படுங்கோ. 2003இல சைட்மன் குழு இந்தக் கணக்கைச் சொன்னது, பிறகு 13 சென்ரிமீற்றர் எண்டு திருத்தினவை. குடல் கட்டி சிலநேரம் ஒரு பக்கமாப் பெரிசாவும் வரும், அதால அளவு மட்டும் போதாது. மேற்பரப்பில முடிச்சு, சூலகத்தின்ர வாசல் பக்கம் கட்டி, முத்திரைமோதிரச் செல் (சளி நிரம்பி கரு ஓரத்துக்குத் தள்ளுப்பட்ட செல்), ரத்தக் குழாய்க்குள்ள கட்டி, இதெல்லாம் வந்ததின்ர அடையாளம். முத்திரைமோதிரச் செல் கட்டியை 1896இல எழுதின குருக்கன்பேர்க்கே அது சூலகத்தின்ர சொந்தக் கட்டி எண்டு தான் நினைச்சவர், இரைப்பையில இருந்து வந்தது எண்டு பிறகு தான் விளங்கினது.

ஸ்ரெயினில சூலக மியூசினஸ் எண்டால் சி.கே.7 பரவலாப் பிடிக்கும், சி.கே.20 அங்கொண்டு இங்கொண்டு. பெருங்குடல், குடல்வால் எண்டால் சி.கே.20, சி.டி.எக்ஸ்.2, சற்பி2 மூண்டும் பிடிக்கும், சி.கே.7 இல்லை அல்லது குறைவு. சி.டி.எக்ஸ்.2 சூலகத்திலயும் பிடிக்கும், அதை மட்டும் வைச்சுத் தீர்ப்பு எழுதாதேங்கோ. சற்பி2 தான் கொஞ்சம் நம்பலாம், ஆனா ரெறற்றோமாவில (முடி, பல்லு மாதிரி வேற திசுவும் இருக்கிற ஜேர்ம் செல் கட்டி) இருந்து வந்த சளிக் கட்டியில அதுவும் பிடிக்கும். கணையம், இரைப்பை, பித்தக்குழாய் எண்டால் சி.கே.7 இஞ்சயும் அங்கயும் பிடிக்கிறதால ஸ்ரெயின் கை விடும், எஸ்.எம்.ஏ.டி.4 இல்லாமல் போனால் கணையத்தைத் தேடச் சொல்லலாம், கணையக் கட்டியில பாதி அளவில அது இல்லாமல் போகும். பெருங்குடல் கட்டி எண்டோமெட்ரியொயிட் மாதிரியும் வேசம் போடும், சுரப்பிக்குள்ள அழுக்கா அழுகல், விளிம்பில மாலை கட்டின மாதிரிச் சுரப்பி எண்டால் பாக்ஸ்8ம் சி.கே.7ம் போட்டுப் பாருங்கோ.

ஏழாம் படி: துண்டு சின்னதா இருந்தால்

கனநேரம் முழுச் சூலகம் வராது, வயித்துத் தண்ணியோ வபையில ஒரு ஊசித் துண்டோ தான் வரும், கீமோ துவங்கோணும் கெதியாச் சொல்லுங்கோ எண்டு நிப்பினம். தண்ணி வந்தால் ஸ்மியர் மட்டும் போட்டு மிச்சத்தை ஊத்தாதேங்கோ, சுத்தி அடியில இருக்கிறதை செல் புளொக் ஆக்குங்கோ, அதில நாலு ஸ்ரெயினோட பாக்ஸ்8ம் போடலாம். ஒவ்வொரு ஸ்ரெயினுக்கும் புளொக்கைத் திரும்பத் திரும்ப மெஷினில ஏத்திச் சீவினால் துண்டே முடிஞ்சுபோகும், முதல் தரமே பத்து வெறும் ஸ்லைட் எடுத்து வையுங்கோ.

கீமோக்குப் பிறகு வந்த கட்டியில வகையைப் புதுசா மாத்தாதேங்கோ, கரு வீங்கி சைற்றோபிளாசம் வெள்ளையாப் போய் கிளியர் செல் மாதிரித் தெரியும், முதல் பயொப்சியோட சேர்த்து வைச்சுப் பாருங்கோ. ஹை கிரேட் சீரஸுக்கு வபையில கீமோ எவ்வளவு கேட்டது எண்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு புள்ளி போடுங்கோ, மூண்டு எண்டால் ஒண்டும் இல்லை அல்லது ரெண்டு மில்லிமீற்றருக்குள்ள தான் மிச்சம்.

எட்டாம் படி: றிப்போட்

மேல வரியிலயே வகையை எழுதுங்கோ, துவக்க இடத்தை எழுதுங்கோ, கிரேட் தேவையானதுக்கு மட்டும். நாலு ஸ்ரெயினின்ர பலனையும், பி53 எந்த மாதிரி எண்டதையும் சொல்லால விளக்குங்கோ. ஆக்கள் அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு மகரகம கான்சர் ஆசுப்பத்திரிக்கும் போவினம், வேற நாட்டில இருக்கிற பிள்ளைக்குப் படம் எடுத்தும் அனுப்புவினம், வாசிக்கிற டொக்டருக்கு எங்கட ஸ்லைட் இல்லை, எங்கட சொல்லு மட்டும் தான்.

எண்டோமெட்ரியொயிட், கிளியர் செல் ரெண்டுக்கும் மிஸ்மச் ரிப்பேர் புரதம் (டி.என்.ஏ பிழையைத் திருத்திற நாலு புரதம்) பாருங்கோ, நாலும் போட வசதி இல்லாட்டி பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.6 ரெண்டும் காணும், அதில ஒண்டு இல்லாமல் போனால் லிஞ்ச் பரம்பரை நோயை யோசிச்சு அந்தக் குடும்பத்தில மற்றவையின்ர குடலையும் கருப்பையையும் பாக்கச் சொல்லலாம். ஹை கிரேட் சீரஸ் எண்டால் வயசு எதெண்டாலும் பிராக்கா சோதனைக்கு ஆலோசனை எழுதுங்கோ. அதுக்கு அனுப்பப் பொருத்தமான புளொக் எது எண்டு, கட்டி கூடவும் அழுகல் குறையவும் இருக்கிற ஒண்டைத் தெரிஞ்சு, அதின்ர நம்பரையும் கட்டி எத்தினை வீதம் இருக்கு எண்டதையும் றிப்போட்டிலயே போட்டு விடுங்கோ. ஆறு மாதம் கழிச்சு ஒரு மகள் அம்மாவின்ர புளொக்கைக் கேட்டு வந்து கவுண்டரில நிக்கேக்க, அங்க ஆர் டியூட்டியில இருந்தாலும் அந்த நம்பரைப் பாத்து எடுத்துக் குடுக்கலாம்.